அரங்கம் போதும், திடல் கொடுங்கள்

1

நம்ம ஊரில் ஒரு விளையாட்டு அரங்கம் இடிந்து விழுந்து சாவதில்லை. பூட்டி வைக்கப்பட்டுச் சாகிறது. முதலில் அமைச்சர் வந்து திறந்து வைப்பார். ஒரு பெரிய போட்டி நடக்கும். நாளிதழில் நாலு பத்தி வண்ணப்படம் வரும். அப்புறம் பிரதான வாசலில் ஒரு சங்கிலி, பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி. உள்ளே விடுவாரா என்று கேட்டால், "பர்மிஷன் லெட்டர் இருக்கா?" என்பார். அவர்மேல் குற்றமில்லை. சாவி அவரிடம் இருக்கிறது, அதிகாரம் இல்லை.

அடுத்த பெரிய போட்டி வரும்போது சங்கிலி கழலும். பெயின்ட் அடிப்பார்கள், உடைந்த நாற்காலிகளை மாற்றுவார்கள், கழிவறைக்குத் தண்ணீர் வரும். "உலகத் தரம்" என்ற சொல் மீண்டும் அச்சேறும். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் சங்கிலி.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: டெமோ. வாடிக்கையாளர் வரும் நாளில் மட்டும் ஓடுகிற மென்பொருள். அன்றைக்கு எல்லா பட்டனும் வேலை செய்யும். மறுநாள் உண்மையான பயனர் ஒருவர் உள்ளே வந்தால் கதை கந்தல். டெமோவுக்கென்றே ஒரு பொருளைச் செய்துகொண்டிருக்கும் நிறுவனம் ரொம்ப நாள் தாங்காது. ஆனால் ஒரு நகரம் தாங்கும். ஏனென்றால் நகரத்தின் பயனர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகச் சென்னைக்கும் அதன் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையுமாக நீளும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும், இனி புது அரங்கங்கள் தேவையில்லை. திடல்கள் தேவை. இரண்டும் ஒன்றில்லை. அரங்கம் என்பது பார்ப்பவருக்காகக் கட்டுவது. திடல் என்பது ஆடுபவருக்காக விட்டு வைப்பது. நாம் முன்னதைக் கட்டக் கட்டப் பின்னதை இழந்துகொண்டே வந்திருக்கிறோம்.

2

சென்னை பெரியமேட்டில், ரிப்பன் கட்டடத்துக்குப் பின்பக்கம் இருக்கும் நேரு ஸ்டேடியத்தை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் அதே இடத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை உங்கள் தாத்தாவுக்குத்தான் தெரியும்.

1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை ஐம்பத்திரண்டு வருடம் நின்றது. 2008-ல் சட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்து முறியடித்தார்கள். 1962 ஜனவரியில் இந்தியா முதன்முதலாக இங்கிலாந்தை ஒரு டெஸ்ட் தொடரில் வென்றது. தொடரின் கடைசி ஆட்டம், பட்டோடியின் முதல் சதம், சலீம் துரானியின் பத்து விக்கெட், எல்லாம் இதே மண்ணில். 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி தொடர்ந்து 131 பந்துகளுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் போட்டார். அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. அதே ஆட்டத்தில் புதி குந்தரன் 192 அடித்தார். இரண்டில் எது பார்ப்பவருக்குக் கொடுமை, எது விருந்து என்று சொல்லத் தேவையில்லை.

1956-லிருந்து 1965 வரை ஒன்பது டெஸ்ட்டுகள் அங்கே நடந்தன. அந்தக் காலத்தில் மெட்ராஸின் டெஸ்ட் மைதானம் என்றால் ஒரு கிளப்பின் புல்வெளி இல்லை, மாநகராட்சியின் அரங்கம். 1967 ஜனவரியில் சோபர்ஸின் மேற்கிந்திய அணி வந்தபோது ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அத்துடன் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இரண்டாம்தர அரங்கம் ஆனது.

இங்கேதான் எனக்குப் பழம்பெருமை எழுதுகிறவர்களோடு முதல் சண்டை. அவர்கள் கதையில் 1967-தான் வீழ்ச்சி. என் கதையில் இல்லை. டெஸ்ட் போனபின் அங்கே கால்பந்து லீக் நடந்தது. ஐசிஎஃப், இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏஜி அலுவலகம் மாதிரியான அணிகளின் கால்பந்து அது. ஒரு வடசென்னைப் பையனுக்கு நன்றாகப் பந்து ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைக்கலாம் என்ற கணக்கு அந்த ஆட்டங்களில் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீடு என்பது இன்றைக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டம். அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் ஒரே ஏணி. சர்வதேசக் கவனம் போனபிறகுதான் அந்த மைதானம் இந்த ஊருக்கு உண்மையிலேயே பயன்பட்டது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வரட்டும்.

1990-களின் தொடக்கத்தில் பழையதை இடித்துவிட்டுப் புது அரங்கத்தைக் கட்டினார்கள். ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். இரவு விளக்குகள், செயற்கை ஓடுதளம். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த டெமோ முடிந்ததும் ஊர் பார்த்ததைத்தான் முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன். 2014-ல் ஐஎஸ்எல் வந்தது, சென்னையின் எஃப்சி வந்தது, நீலச் சட்டைக் கூட்டம் வந்தது. மறுபடியும் பெயின்ட். 2025-ல் லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் சிக்கலில் மாட்டியபோது அடுத்த பருவம் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் நாடு முழுக்க கிளப்புகள் நின்றன. ஒரு பொதுச் சொத்தின் நாட்காட்டியைத் தனியார் லீக் ஒன்றின் நாட்காட்டியோடு கட்டிவிட்டால், அது தும்மினால் இதற்கும் சளிபிடிக்கும்.

3

"அப்ப பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை இடிச்சிருக்கக் கூடாதுன்னு சொல்றியா?" இல்லை. அதைவிடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அரங்கம் நின்ற இடம் அதற்கு முன் என்னவாக இருந்தது?

பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் நெரிசலான கறுப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்று உருவாக்கிய நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பூங்கா. காலனி ஆட்சியின் கருணையை நான் பாட வரவில்லை. ஆனால் அந்தப் பூங்காவைத் தின்றது யார் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். முதலில் விக்டோரியா பப்ளிக் ஹால். பிறகு 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் கட்டடம், அதாவது பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே தன் அலுவலகத்தை அங்கே கட்டிக்கொண்டது. பிறகு ஸ்டேடியம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதே 1985-ல் அங்கிருந்த மிருகக்காட்சிசாலை வண்டலூருக்கு வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான தேவைகள்தான். மண்டபம் வேண்டும், சந்தை வேண்டும், அலுவலகம் வேண்டும், ரயில் வேண்டும், அரங்கமும் வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் பூங்கா இல்லை. யாரும் ஒருநாள் உட்கார்ந்து "பூங்காவை ஒழிப்போம்" என்று தீர்மானம் போடவில்லை. காலியிடம் என்றாலே அது இன்னொன்றுக்கான மனை என்ற எண்ணம் மட்டும் போதுமாக இருந்தது.

அந்த எண்ணம்தான் இன்றைக்குத் தெற்கே இறங்கி வந்திருக்கிறது. சென்னைக்கு இடம் பற்றாதபோதெல்லாம் செங்கல்பட்டுப் பக்கம் கை நீளும். மிருகக்காட்சிசாலை வந்தது. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் பேருந்து நிலையம் வந்தது. கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தன. ஐடி பூங்காக்கள் வந்தன, அவற்றோடு என்னைப் போன்றவர்களும் வந்தோம். பெருநகர வளர்ச்சிக் குழுமம் செம்மஞ்சேரியில் ஓர் உலகளாவிய விளையாட்டு நகரமும் வரும் என்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பும் ஏரிகளும் ஒன்றுக்கொன்று தண்ணீர் கடத்தும் தாழ்வான நிலம் அது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தப் பகுதியில் படகு விட்டார்கள். அங்கே ஓர் அரங்கத்தின் அடித்தளத்துக்கு எத்தனை அடி மண் கொட்டி உயர்த்த வேண்டியிருக்கும், அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதை முதலில் சொல்லுங்கள். நீச்சல் குளத்தின் நீளத்தை அப்புறம் கேட்டுக்கொள்கிறோம்.

4

ஒரு கணக்கு போடுவோம். ஒரு லீக் பருவத்தில் ஓர் அணிக்குச் சொந்த ஊரில் பன்னிரண்டு ஆட்டம் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 24 மணி நேரம். ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அதாவது அந்த 40,000 இருக்கைகள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்தக் காரியம் வருடத்தில் கால் சதவீதத்துக்குச் சற்று அதிகமான நேரமே நடக்கிறது. மற்ற நாட்களில் தடகளப் பயிற்சி, பள்ளிப் போட்டி எல்லாம் நடக்கலாம். ஆனால் அவற்றுக்கு ஓடுதளமும் புல்லும் போதும். இருக்கைகள் வேண்டாம். செலவில் பெரும்பங்கோ இருக்கைகளுக்கும், கூரைக்கும், விருந்தினர் மாடத்துக்கும், கார் நிறுத்தத்துக்கும். ஒரு சர்வரை இப்படி வாங்கினால் நாளைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு மைனர் லீக் என்று ஓர் அடுக்கு உண்டு. பெரிய லீக் அணிகளுக்கு ஆள் தயாரிக்கும் சின்ன ஊர் அணிகள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற பழைய ஆலை நகரத்தில் 1942-ல் திறந்த மெக்காய் ஸ்டேடியம் அப்படிப்பட்டது. 1981 ஏப்ரல் 18 இரவு அங்கே தொடங்கிய ஓர் ஆட்டம் முடியவே மறுத்தது. 32 இன்னிங்ஸ் ஆடி, விடிகாலை 4:07-க்கு நிறுத்தினார்கள். அப்போது குளிரில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று 33-ஆவது இன்னிங்ஸ் ஆடி முடித்தார்கள். தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் அது.

அந்த அணி இப்போது பாட்டக்கெட்டில் இல்லை. பக்கத்து மாநிலத்தின் வூஸ்டர் நகரம் பொதுக்கடன் வாங்கிப் புது அரங்கம் கட்டி, 2021-ல் அணியை அழைத்துக்கொண்டது. அதே 2021-ல் மேஜர் லீக் நிர்வாகம் தன்னோடு இணைந்த மைனர் லீக் அணிகளை 160-லிருந்து 120-ஆக வெட்டியது. நாற்பது சிறு அணிகளுக்கு அந்த இணைப்பு ஒரே கையெழுத்தில் போனது. அரங்கங்களுக்கு வரிப்பணம் கொட்டினால் ஊர் பொருளாதாரம் வளரும் என்ற வாக்குறுதி பலிப்பதில்லை என்பதில், எதிலும் ஒத்துப்போகாத அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களே பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் பாட்டக்கெட் கதையில் எனக்குப் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. 2025-ல் மெக்காய் ஸ்டேடியத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி கட்டுகிறார்கள். வருடத்தில் சில டஜன் மாலைகள் மட்டும் நிரம்பிய ஓர் இடம் இனி தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளால் நிரம்பும். இதை வீழ்ச்சி என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் இதைத் திருத்தம் என்பேன்.

5

இப்போது எங்கள் கடற்கரைக்கு வருவோம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், அந்நாட்டுக்குக் கொடுத்திருந்த செஸ் ஒலிம்பியாடை ஃபிடே பறித்தது. மார்ச்சில் அது சென்னைக்குக் கிடைத்தது. நாலே மாதத்தில், மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர விடுதியின் அரங்குகளில் 1,700-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து ஆடினார்கள். ஜூலை 28 தொடக்கவிழா பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில். நேப்பியர் பாலத்துக்குச் செஸ் கட்டம் போட்டார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' மூலைக்கு மூலை நின்றான். குகேஷ் முதல் பலகையில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் இளைஞர் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. சிறப்பாக நடந்தது. மறுக்கிறவன் பொறாமைக்காரன்.

கேள்வி வேறு. ஆகஸ்ட் 11 காலையில் மாமல்லபுரத்தில் என்ன மிச்சமிருந்தது? விடுதி விடுதியாகவே இருந்தது. ஊர் நூலகத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் பத்துச் செஸ் பலகையோடு ஓர் அறையைத் திறந்து வைக்க என்ன செலவாகியிருக்கும்? ஒரு நாள் விளம்பரச் செலவில் பத்து வருடம் ஓடியிருக்கும்.

செஸ்ஸுக்கு நம்மூரில் அந்த வரலாறு இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1972-ல் மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அங்கே போய் ஆடிய பையன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். ஓர் அறை, மேசைகள், கதவைத் திறந்துவிட ஓர் ஆள். இந்தியச் செஸ்ஸின் மறுமலர்ச்சிக்கு ஆன மூலதனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குமேல் வந்ததெல்லாம் பள்ளிகளும், பயிற்சியாளர்களும், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபங்களில் நடக்கும் போட்டிகளும், டிபன் டப்பாவோடு வெளியே காத்திருந்த அப்பா அம்மாக்களும். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனது அந்த வரிசையின் முனையில். எந்த அரங்கமும் அவரை உருவாக்கவில்லை.

2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவை மூடி ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் விட்டதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து நிரந்தரப் பந்தயத் தடம் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. இருக்கும் தடத்துக்கு ஆளைக் கூட்டிப்போவதைவிட, இல்லாத தடத்தை இரண்டு நாளைக்கு உருவாக்கிக் கலைப்பதுதான் நமக்கு வளர்ச்சியாகத் தெரிகிறது.

6

"நிலமே இல்லையே, திடலுக்கு எங்க போறது?" என்பது அடுத்த வாதம். அதிகாரிகள் மட்டுமில்லை, என் அலுவலக நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இது உண்மையில்லை. நிலம் சட்டப்படி ஏற்கெனவே நமக்கு எழுதித் தரப்பட்டுக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்று ஒன்று உண்டு. அதில் திறந்தவெளி ஒதுக்கீடு, எல்லாரும் ஓஎஸ்ஆர் என்று சொல்வது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால் பத்து சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்து கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகத் தரலாம், முடியாதபோது வழிகாட்டி மதிப்புக்குப் பணமாகக் கட்டலாம். பழைய மாமல்லபுரம் சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய அடுக்ககங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு துண்டு பொதுநிலம் இருந்தாக வேண்டும்.

எங்கள் குடியிருப்புக்கும் இருக்கிறது. விற்பனைப் புத்தகத்தில் அதற்கு மரம் வரைந்து 'தீம் பார்க்' என்று போட்டிருந்தார்கள். கட்டிய நிறுவனத்தின் சுற்றுச்சுவர் அதையும் சேர்த்து வளைத்திருக்கிறது. பத்திரப்படி அது ஊராட்சியின் நிலம், அதாவது அடுத்த தெருவில் ஓட்டு வீட்டில் இருக்கும் பையனுக்கும் அதில் பந்து உதைக்க உரிமை உண்டு. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சார், செக்யூரிட்டி இஷ்யூ ஆகிடும்" என்றார் ஒருவர். "நாமதானே மெயின்டெனன்ஸ் கட்டறோம்?" என்றார் இன்னொருவர். பொதுநிலத்தைத் தனியார் தோட்டமாக்குவதில் அரசியல்வாதியைவிட நாங்கள், மாதச் சம்பளக்காரர்கள், சளைத்தவர்கள் இல்லை.

உள்ளே விடாத பையன் எங்கே போவான்? டர்ஃபுக்கு. நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை, வலை கட்டிய செயற்கைப் புல் கூண்டுகள். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. நானும் வாரம் ஒருமுறை பத்துப் பேரோடு பணம் பிரித்து ஆடுகிறேன். எனக்குக் கட்டுப்படியாகிறது. எங்கள் வீட்டில் சமையல் செய்ய வரும் அக்காவின் மகனுக்கு ஆகாது. அவன் நின்று வலை வழியாகப் பார்க்கிறான். ஆடுபவனைப் பார்வையாளனாக்குவதற்கு இப்போது 40,000 இருக்கைகூடத் தேவையில்லை. ஒரு வலை போதும்.

இதையே அரசுக் கொள்கையாக்கவும் முயன்றார்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. அவற்றில் வியாசர்பாடித் திடலும் ஒன்று. இந்தியக் கால்பந்துக்கு ஆள் கொடுத்துக்கொண்டே இருக்கும் வியாசர்பாடி. எதிர்ப்பு கிளம்பியது, மறுநாளே திரும்பப் பெற்றார்கள். பெற்றதற்கு நன்றி. ஆனால் அந்தக் கோப்பு ஒரு மேசையில் பிறந்து, பல மேசைகளைத் தாண்டி, மன்றம் வரை வந்தது. வழியில் ஒருவருக்குக்கூட "ஏங்க, அந்தப் பசங்க கிட்ட ஏது 120 ரூபா?" என்று கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் என் கவலை.

7

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிடுவோம். "பெரிய அரங்கம் கனவைத் தரும். மன்கட்டைப் பார்த்த பையன்தான் மட்டை பிடிப்பான். குகேஷைப் பார்த்த குழந்தைதான் பலகையைக் கேட்கும்." இதில் உண்மை இருக்கிறது. பெரிய ஆட்டத்தை நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. அதனால்தான் இருக்கும் அரங்கங்களை இடி என்று நான் சொல்லவில்லை. நேரு ஸ்டேடியம் இருக்கிறது, சேப்பாக்கம் இருக்கிறது, மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கனவு காட்ட இவை தாராளம். கனவு கண்ட பிள்ளை மறுநாள் காலை எங்கே போய் ஓடும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

கண்ணகி நகரைப் பாருங்கள். 2000-லிருந்து நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் மக்களைப் பெயர்த்து வந்து அடுக்கிய இடம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டிய இடம் என்று பெயர் வாங்கிய இடம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவர் கார்த்திகா அந்த ஊர்ப் பெண். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கபடிக்கு என்ன வேண்டும்? பதின்மூன்று மீட்டருக்குப் பத்து மீட்டர் மண். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. மாலையில் ஒரு விளக்கு. விடாப்பிடியாக நிற்கும் ஒரு பயிற்சியாளர். மகளை இருட்டியபின்னும் அனுப்பும் தைரியம் உள்ள ஒரு வீடு. இந்த நான்கில் அரசு எளிதில் தரக்கூடியவை மண்ணும் விளக்கும்தான். அதைக்கூட ஜெயித்த பிறகுதான் தருவோம் என்றால், ஜெயிக்காமல் போன ஆயிரம் பெண்கள் எங்கே ஆடுவார்கள்?

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். மீனவக் குப்பங்களின் பையன்கள் அலைச்சறுக்கில் தேர்ந்துவிட்டார்கள். 2023-ல் உலகத் தகுதிச்சுற்று ஒன்று மாமல்லபுரத்தில் நடந்தது, 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்தது. இங்கே மட்டும் எப்படி இது சாத்தியமானது? கடலுக்குக் கேட் கிடையாது. அவ்வளவுதான். பலகை விலை அதிகம், சொல்லித்தர ஆள் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் ஆடுகளத்துக்குள் இறங்க எவரும் பர்மிஷன் லெட்டர் கேட்கவில்லை. அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் பங்களாக்களும் மணலுக்குப் போகும் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருவதை வெறும் நிலப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அவர்கள் மூடுவது ஒரு மைதானத்தின் வாசலை.

8

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு அரசு விளையாட்டரங்கமும் மாதம் எத்தனை மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது என்பதை வாசலில் எழுதி ஒட்டட்டும். விழாக் கணக்கு வேண்டாம், திறந்திருந்த கணக்கு. இரண்டு, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓஎஸ்ஆராகப் பெற்ற ஒவ்வொரு நிலத்தின் சர்வே எண்ணும் பரப்பும் இன்றைய நிலையும் பட்டியலாக வெளிவரட்டும். அந்த நிலங்களில் சுவர் இருந்தால் உடையட்டும், எங்கள் சுவரிலிருந்தே தொடங்கட்டும். மூன்று, கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் உள்ள அரசுப் பள்ளிகள் மாலை ஐந்து முதல் எட்டு வரை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும். அதற்கு ஒரு காவலாளியும் நாலு விளக்கும் போதும். வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும். நான்கு, தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற அரசின் திட்டத்தில் முதலில் ஆடுகளம், குடிநீர், கழிவறை, விளக்கு. கேலரியும் கல்வெட்டும் கடைசியில். பணம் தீர்ந்துவிட்டால் கல்வெட்டு இல்லாமலே இருக்கட்டும்.

இதில் எதற்கும் ஆலோசனை நிறுவனம் வேண்டாம், சர்வதேச டெண்டர் வேண்டாம், திறந்து வைக்க யாரும் வர வேண்டாம். அதனால்தான் இது நடக்காமலிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ரிப்பன் வெட்ட முடியாத வேலையைச் செய்ய வைக்க ஒரே வழி, அதைச் செய்யாதவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் அடுக்ககச் சங்கத்தில் கேளுங்கள், அங்கேதான் கஷ்டம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய். டர்ஃபில் பத்து ரூபாய்க்கு ஒரு நிமிடம்கூட ஆட முடியாது.